மூளை செல்களைத் தனித்தனியாகக் காட்டிய மனிதர்: யார் இந்த கஹால்? அவர் ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார்?

நம் ஒவ்வொருவர் மூளையிலும் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. 2023 அக்டோபரில் வெளியான மனித மூளை செல் வரைபடம், 3,000-க்கும் மேற்பட்ட செல் வகைகளைப் பட்டியல் போட்டது.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? பார்க்கின்சன் நோய் வந்தால் மூளை முழுக்க ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. டோபமைன் சுரக்கும் குறிப்பிட்ட வகை செல்கள்தான் முதலில் அடி வாங்குகின்றன. ஏ.எல்.எஸ் நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சாகின்றன. அப்படியானால் மருந்தும் அந்த வகை செல்லைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். அதற்கு முதலில் ஒரு கருவி வேண்டும். கூட்டத்தில் ஒருவரை மட்டும் அடையாளம் காட்டுகிற கருவி.

அந்தக் கருவியை ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் காசும் காலமும்தான் வீண். அதனால் பொதுப் பணத்தில் ஒரு இடத்தில் செய்து, எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறைக்கு இப்போது அமெரிக்காவில் அரசே நிதி தருகிறது.

யோசனை புதுசு மாதிரி தெரியலாம். ஆனால், கருவிக்கு யார் காசு போடுவது, செய்முறையை யாருக்கெல்லாம் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளோடும் 100 வருடங்களுக்கு முன்பே மல்லுக்கட்டிய ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சான்டியாகோ ரமோன் இ கஹால். நவீன நரம்பியலின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஸ்பெயின் விஞ்ஞானி.

சரி, யார் இந்த கஹால்? அவர் கதையைப் பார்க்கலாம்.

ஜெயிலுக்குப் போன 11 வயசுப் பையன்

1852 மே 1. ஸ்பெயினின் வடக்கே, பெட்டியா டி அரகோன் என்ற சின்ன மலை கிராமத்தில் பிறந்தார் கஹால். அப்பா ஹுஸ்டோ ரமோன், ஊர் ஊராக வேலை பார்த்த அறுவை வைத்தியர். வறுமையில் இருந்து படித்து மேலே வந்தவர். கண்டிப்பானவர்.

பையனோ சேட்டைக்காரன். சொந்தமாக ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக்காரரின் கேட்டை உடைத்தான். 11 வயசில் சிறைவாசம்!

அவனுக்கு ஓவியன் ஆக வேண்டும் என்று ஆசை. கையில் எது கிடைத்தாலும் அதில் படம் வரைந்தான். அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்ற கவலை. முடி திருத்துபவரிடமும், செருப்பு தைப்பவரிடமும் பையனைத் தொழில் பழக அனுப்பினார். அதற்கும் பையன் அசையவில்லை.

கடைசியாக அப்பா ஒரு வித்தியாசமான வழியைப் பிடித்தார். 1868-ல் மகனை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே கிடந்த மனித எலும்புகளைச் சேகரித்து வந்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். எலும்பைப் பார்த்ததும் பையனுக்கு அதை வரையத் தோன்றியது. வரைய வரைய உடலைப் புரிந்துகொண்டான். ஓவிய ஆசையும் மருத்துவமும் அந்த இடத்தில்தான் கை கோத்தன. பின்னாளில் உலகையே மாற்றப்போகிற கூட்டணி அது.

கியூபா சம்பளம்... தவணையில் மைக்ரோஸ்கோப்

1873-ல் ஸரகோசா நகரில் மருத்துவம் படித்து முடித்தார் கஹால். உடனே கட்டாய ராணுவ சேவை. 1874-ல் அவரை மருத்துவ அதிகாரியாக கியூபாவுக்கு அனுப்பினார்கள். கியூபா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது; விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது.

போரைவிட கொசுதான் பெரிய எதிரி. சதுப்பு நிலத்தில் இருந்த ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்த கஹாலுக்கு மலேரியா வந்தது. வயிற்றுக்கடுப்பும் சேர்ந்துகொண்டது. எலும்பும் தோலுமாக 1875-ல் ஊர் திரும்பினார். இரண்டு மூன்று வருடங்களில் காசநோயும் தாக்கியது. பிழைத்ததே பெரிய விஷயம்.

இதற்கு நடுவில் 1877-ல், டாக்டர் பட்டத்துக்கான தேர்வுக்காக மாட்ரிட் போனார். அங்கே ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் வழியாக உடலின் திசுக்களைப் பார்த்தார். மனுஷன் அசந்துபோனார். எப்படியாவது ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்.

கல்லூரி வாங்கித் தரவில்லை. அரசும் தரவில்லை. உயிரைப் பணயம் வைத்து கியூபாவில் சம்பாதித்த காசில் மிச்சம் இருந்ததைப் போட்டு, தவணை முறையில் வெரிக் நிறுவனத்தின் மைக்ரோஸ்கோப்பை வாங்கினார். நரம்பியலின் பெரிய கதை ஒன்று இப்படி ஒருத்தர் கைக்காசில்தான் தொடங்கியது.

1879-ல் சில்வேரியா என்பவரைத் திருமணம் செய்தார். குடும்பம் பெருகியது. சம்பளம் அந்த வேகத்தில் பெருகவில்லை.

காலரா காலத்தில் கிடைத்த பரிசு

1884-ல் வலென்சியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர் ஆனார் கஹால். அடுத்த வருடமே ஊரில் காலரா. ஜனங்கள் கொத்துக்கொத்தாக செத்துக்கொண்டிருந்தார்கள். காலரா கிருமியையும், அப்போது போடப்பட்ட புதிய தடுப்பூசியையும் ஆராய்ந்து அறிக்கை தரும்படி ஸரகோசா மாகாண நிர்வாகம் கஹாலைக் கேட்டுக்கொண்டது. அவரும் உழைத்துக் கொடுத்தார்.

அதற்கு நன்றியாக மாகாண நிர்வாகம் அவருக்கு ஒரு பரிசு தந்தது. நகையும் இல்லை, பட்டயமும் இல்லை. ஜெர்மனியில் தயாரான உயர்தர ஸெய்ஸ் மைக்ரோஸ்கோப்!

இந்தப் பரிசுதான் ஆட்டத்தை மாற்றியது. பழைய கருவியில் மங்கலாகத் தெரிந்ததெல்லாம் இதில் பளிச்சென்று தெரிந்தது. பெரிய ஐரோப்பிய பல்கலைக்கழகங்களில் இருந்த விஞ்ஞானிகள் பயன்படுத்திய அதே தரம். பொதுப் பணம் சரியான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மூளையில் என்ன பிரச்சினை?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

மற்ற உறுப்புகளை மெல்லிய துண்டாக வெட்டி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் தனித்தனியாகத் தெரியும். மூளை அப்படி இல்லை. செல்களின் கிளைகள் ஒன்றோடு ஒன்று பின்னிப் பிணைந்து கிடக்கும். கருவேலங்காட்டை மேலிருந்து பார்ப்பது மாதிரி. எந்தக் கிளை எந்த மரத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அன்றைய விஞ்ஞானிகள் பலர், மூளை என்பது தனித்தனி செல்களால் ஆனது இல்லை, எல்லாம் ஒட்டிய ஒரே வலைதான் என்று நம்பினார்கள்.

இதற்கான சாவி 1873-லேயே கிடைத்துவிட்டது. இத்தாலியில் அபியாடெக்ராஸோ என்ற சின்ன ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்த கமில்லோ கோல்கை என்ற மருத்துவர், மருத்துவமனை சமையலறையையே ஆய்வகமாக மாற்றி சோதனை செய்துகொண்டிருந்தார். ஆமாம், பள்ளி உயிரியல் புத்தகத்தில் செல்லுக்குள் கோல்கை உறுப்பு என்று படிப்போமே, அதே கோல்கைதான்.

மூளைத் துண்டை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்தார். பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். அதிசயம் நடந்தது. நூற்றில் ஒரு சில செல்கள் மட்டும், வேரிலிருந்து நுனி வரை முழுசாகக் கறுப்பாயின. மற்றவை எல்லாம் மஞ்சள் பின்னணியில் மறைந்தே இருந்தன. காட்டில் நாலே நாலு மரத்துக்கு மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்த மாதிரி.

கோல்கை இந்த செய்முறையை ஒளித்து வைக்கவில்லை, பத்திரிகையில் வெளியிட்டார். ஆனால் சாயம் சில நேரம் பிடிக்கும், பல நேரம் பிடிக்காது. அதனால் 14 வருடங்கள் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை.

1887: நண்பர் வீட்டில் பார்த்த ஒரு ஸ்லைடு

1887-ல் ஒரு தேர்வுக் குழு வேலையாக மாட்ரிட் போனார் கஹால். அங்கே லூயிஸ் சிமாரோ என்ற மனநல மருத்துவர் இருந்தார். பாரிஸில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது கோல்கை முறையையும் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தன் வீட்டில் வைத்திருந்த ஸ்லைடு ஒன்றை கஹாலிடம் காட்டினார்.

அந்தக் காலத்தில் கருவிகள் பகிரப்பட்ட விதம் இதுதான். நிறுவனம் கிடையாது, நிதி கிடையாது. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக வேண்டும். அவர் மனசு வைத்துக் காட்ட வேண்டும். சிமாரோ காட்டவில்லை என்றால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அதே வருடம் பார்சிலோனாவுக்கு மாற்றல் ஆன கஹால், இரவு பகலாக அந்தச் சாயத்தோடு போராடினார். இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஒன்று, ஒரு முறை ஊறவைத்து விடாமல், திரும்பவும் இரண்டு கரைசல்களிலும் ஊறவைத்தார். சாயம் நம்பிக்கையாகப் பிடித்தது. இரண்டு, வளர்ந்த விலங்குகளை விட்டுவிட்டு, கருவில் இருக்கும் குஞ்சுகளையும் பிறந்த குட்டிகளையும் எடுத்துக்கொண்டார். இளம் மூளையில் நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை இன்னும் மூடியிருக்காது. அதனால் சாயம் கடைசி நுனி வரை ஓடும். காடு அடர்வதற்கு முன்பே மரத்தைப் பார்த்துவிடும் தந்திரம்.

1888-ல் விடை கிடைத்தது. பறவைகளின் சிறுமூளையில் பார்த்தபோது, நரம்பு இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பக்கத்தில் வந்து நிற்கின்றன, உருகிக் கலக்கவில்லை. அதாவது, மூளை ஒரே வலை இல்லை. தனித்தனி செல்களின் கூட்டம்!

அச்சடித்தது 60 பிரதிகள்தான்

கண்டுபிடித்தாயிற்று. யாரிடம் சொல்வது? ஸ்பெயினில் இதற்கென்று நல்ல ஆய்வுப் பத்திரிகை இல்லை. ஸ்பானிய மொழியில் எழுதினால் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் யாரும் படிக்க மாட்டார்கள்.

கஹால் ஒரு காரியம் செய்தார். 1888 மே மாதம் சொந்தக் காசில் ஒரு ஆய்வு இதழையே தொடங்கினார். கட்டுரையும் அவரே, படமும் அவரே. முதல் இதழ் 60 பிரதிகள்தான். அதில் பெரும்பாலானவற்றை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். வீட்டில் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்த நேரம். பேராசிரியர் சம்பளத்தில் குடும்பத்தையும் பார்த்து, இதழையும் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சில்வேரியா வீட்டுச் செலவைச் சுருக்கிப் பிடித்ததால்தான் அது நடந்தது.

எதிர்பார்த்த பதில் வரவில்லை. அமைதி.

பெர்லின், 1889: கையோடு கொண்டுபோன மைக்ரோஸ்கோப்

சும்மா இருக்கவில்லை கஹால். 1889 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியலாளர்கள் சங்கத்தின் கூட்டம். சேர்த்துவைத்த காசை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே தன் ஸெய்ஸ் மைக்ரோஸ்கோப்பும், பெட்டி நிறைய ஸ்லைடுகளும்.

அவருக்கு ஜெர்மன் தெரியாது. தட்டுத் தடுமாறி பிரெஞ்சு பேசுவார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்பெயினில் இருந்து அறிவியலா என்ற அலட்சியம் அன்று ஐரோப்பாவில் சகஜம்.

மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பார்க்கச் சொன்னார். அவர்களில் முக்கியமானவர் ஆல்பெர்ட் ஃபான் கோலிக்கர். 72 வயது. அந்தத் துறையின் பீஷ்மர். அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் நம்பினார். அன்றே கஹாலைத் தன் வண்டியில் அழைத்துப்போய், மற்ற விஞ்ஞானிகளுக்கும் அறிமுகப்படுத்தினார். ஊர் திரும்பியதும் கஹாலின் முறையைத் தானே செய்து பார்த்து, சரிதான் என்று எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கஹால் முடிவை மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எப்படிச் சாயம் ஏற்றுவது என்ற செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தார். மற்றவர்கள் தங்கள் ஆய்வகத்தில் அதையே செய்து பார்த்தார்கள். அதனால்தான் உண்மை நிலைத்தது.

1891-ல் ஜெர்மன் விஞ்ஞானி வால்டையர், இந்தத் தனித்தனி செல்லுக்கு ஒரு பெயர் வைத்தார். இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது: நியூரான்.

அரசு கதவு திறந்தது எப்போது?

1892-ல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. 1894-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் புகழ்பெற்ற குரூனியன் சொற்பொழிவு. வெளிநாடுகள் கொண்டாடின. சொந்த நாடு?

அதற்கு 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் அமெரிக்காவிடம் போரில் தோற்று, கியூபா உட்பட மிச்சமிருந்த முக்கியக் காலனிகளை ஸ்பெயின் இழந்தது. நாடே துவண்டு கிடந்தது. அறிவியலில் பின்தங்கியதும் தோல்விக்கு ஒரு காரணம் என்ற பேச்சு எழுந்தது. கஹாலும் அதை உரக்கச் சொன்னார்.

1900-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில் கஹாலுக்கு மாஸ்கோ பரிசு அறிவிக்கப்பட்டது. அதன்பிறகுதான் ஸ்பெயின் அரசு விழித்துக்கொண்டது. அவருக்கென்று மாட்ரிட்டில் உயிரியல் ஆய்வகம் ஒன்றை அமைத்துக் கொடுத்தது. இயக்குநராக அவருக்கு வருடம் 10,000 பெசெட்டா சம்பளம் என்று முடிவானது. கஹால் அது அதிகம் என்று சொல்லி 6,000 ஆகக் குறைக்கச் சொன்னார். இந்தக் காலத்தில் கேட்டால் நம்ப முடியுதா?

அப்போது அவருக்கு 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு முடிந்து 12 வருடங்கள் கழித்துத்தான் நிலையான நிதி வந்தது. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

கருவியைக் கொடுத்தவரே எதிரில்: 1906 நோபல்

1906-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஒருவர் கஹால். மற்றவர், சாயத்தைக் கண்டுபிடித்த கோல்கை.

விசித்திரம் என்னவென்றால், மூளை ஒரே வலைதான் என்று கோல்கை கடைசி வரை நம்பினார். ஸ்டாக்ஹோமில் நோபல் மேடையிலேயே, நியூரான் கொள்கை தவறு என்று தன் உரையில் வாதாடினார். அடுத்து பேச வந்த கஹால், அதே நியூரான் கொள்கைக்கான ஆதாரங்களை அடுக்கினார்.

கோல்கையின் கருவியை வைத்தே, கோல்கையின் கருத்து தவறு என்று நிரூபித்தவர் கஹால். கருவியைப் பகிர்ந்தால் இதுவும் நடக்கும். கண்டுபிடித்தவர் நினைக்காத உண்மையை வேறொருவர் பார்த்துவிடுவார். பகிர்வதன் ஆபத்தும் அதுதான், பலனும் அதுதான்.

மந்திரி பதவி வேண்டாம்... மாணவர்களுக்குப் பணம் வேண்டும்

நோபல் வாங்கிய அதே வருடம் அவருக்குக் கல்வி அமைச்சர் பதவி தேடி வந்தது. கஹால் ஏற்கவில்லை. ஆனால் 1907-ல் வேறொரு பொறுப்பை ஏற்றார். ஸ்பெயின் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பும் அரசு அமைப்பின் தலைவர் பதவி.

ஏன் இது முக்கியம்? சிமாரோ பாரிஸ் போய் வந்ததால்தானே கோல்கை சாயம் கஹாலுக்குக் கிடைத்தது! அன்று தற்செயலாக நடந்ததை இனி அரசுப் பணத்தில் திட்டமிட்டே நடத்தலாம் என்பதுதான் அந்த அமைப்பின் வேலை. கால் நூற்றாண்டு அதன் தலைவராக இருந்தார் கஹால்.

ஆய்வகத்திலும் புதிய சாயங்கள் வந்தன. 1903-ல் நரம்பு செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகளைக் காட்டும் வெள்ளிச் சாய முறையைக் கொண்டுவந்தார். 1913-ல் தங்கக் குளோரைடைப் பயன்படுத்தி, நட்சத்திர வடிவ துணை செல்களை மட்டும் பளிச்சென்று காட்டும் முறை. கோல்கை சாயம் குருட்டாம்போக்கில் சில செல்களைப் பிடித்தது. இந்தத் தங்கச் சாயமோ குறிப்பிட்ட ஒரு வகை செல்லைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது. இந்தக் கதையில் இது பெரிய தாவல். ஒவ்வொரு செய்முறையையும் அளவு, நேரம் சகிதம் எழுதி வெளியிட்டார்.

அப்போதும் காசுப் பிரச்சினை தீரவில்லை. அறுபட்ட நரம்பு மீண்டும் எப்படி வளர்கிறது என்று அவர் எழுதிய பெரிய நூல் 1913-14-ல் வெளிவந்தது. அதன் அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது அர்ஜென்டினாவில் குடியேறியிருந்த ஸ்பானிய மருத்துவர்கள்.

குருவுக்கும் சீடருக்கும் விரிசல்

எல்லாம் சுபமாகவே போகவில்லை.

கஹாலின் ஆய்வகச் சூழலில் உருவான திறமைசாலி பியோ டெல் ரியோ ஓர்டேகா. அவர் வெள்ளி கார்பனேட்டை வைத்து ஒரு புதிய சாயத்தை உருவாக்கினார். அதில் கஹாலின் தங்கச் சாயத்துக்குப் பிடிபடாத செல்கள் தெரிந்தன. 1919-ல், மூளையின் காவல்காரர்கள் மாதிரி வேலை செய்யும் மைக்ரோகிளியா செல்களை விவரித்தார். 1921-ல் நரம்புக்கு உறை போடும் இன்னொரு வகையையும் விவரித்தார்.

கஹாலால் இதை முழுசாக ஏற்க முடியவில்லை. மைக்ரோகிளியா இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் பார்த்த பெருமை ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கும் சேரும் என்று எழுதினார். இன்னொரு வகை செல்லைச் சந்தேகப்பட்டார். ஆய்வகத்துக்குள் ஆட்களுக்கு இடையே உரசலும் சேர்ந்துகொள்ள, 1920-ல் ஓர்டேகா அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

ஒரு காலத்தில் கோல்கை கஹாலுக்கு எதிராக நின்றார். இப்போது கஹாலே ஒரு கோல்கையாக நின்றார். கசப்பான உண்மை.

ஆனாலும் ஓர்டேகாவின் வேலை நிற்கவில்லை. கஹால் தலைவராக இருந்த அதே உதவித்தொகை அமைப்பு, ஓர்டேகாவுக்கு மாட்ரிட்டில் வேறொரு இடத்தில் ஆய்வகம் கொடுத்தது. 1924-ல் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற இளம் அமெரிக்க அறுவை மருத்துவர் அந்தச் சாயத்தைக் கற்றுக்கொள்ளவே மாட்ரிட்டுக்கு வந்தார். பின்னாளில் கனடாவின் மாண்ட்ரியலில் உலகப் புகழ் பெற்ற நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

இரண்டு பெரிய மனிதர்களுக்கு ஆகவில்லை என்பதற்காக ஒரு கருவி சாகவில்லை. காரணம், பணம் ஒரு தனி மனிதரின் கையில் இல்லை. ஒரு பொது அமைப்பின் கையில் இருந்தது.

கடைசி நாட்கள்... பிறகு போர்

1930-ல் சில்வேரியா காலமானார். 1934 அக்டோபர் 17-ல் மாட்ரிட்டில் கஹால் கண்மூடினார். வயது 82. கடைசி வரை எழுதிக்கொண்டும் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

இரண்டே வருடத்தில், 1936-ல், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அவர் வளர்த்த ஆய்வாளர் கூட்டம் சிதறியது. ஓர்டேகா பிரான்ஸ், இங்கிலாந்து என்று அலைந்து, 1945-ல் அர்ஜென்டினாவில் இறந்தார். உதவித்தொகை அமைப்பும் போருக்குப் பிறகு கலைக்கப்பட்டது. கட்ட 30 வருடம் ஆனது, சிதற மூணு வருடம் போதுமானதாக இருந்தது.

ஆனால் செய்முறைகள் சிதறவில்லை. அவைதான் ஏற்கெனவே உலகம் முழுக்கப் போய்விட்டனவே! கஹால் வரைந்த ஆயிரக்கணக்கான மூளைப் படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. 2017-ல் அவருடைய ஆவணங்களையும், அவர் வழிவந்த ஆய்வாளர்களின் ஆவணங்களையும் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

இன்று என்ன நடக்கிறது?

2013 ஏப்ரலில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா, மூளை ஆய்வுக்கான பெரிய அரசுத் திட்டத்தை அறிவித்தார். அதன் ஒரு பகுதியாகத்தான் செல் வகைகளைக் குறிவைக்கும் கருவிகள் கூட்டாகத் தயாராகின்றன.

இப்போது சாயத்துக்குப் பதில் வைரஸ். பயப்பட வேண்டாம், நோய் தராதபடி மாற்றப்பட்ட வைரஸ். அதற்குள் ஒரு ஜீனையும், ஒரு சின்ன டி.என்.ஏ சுவிட்ச்சையும் வைத்து அனுப்புகிறார்கள். வைரஸ் பல செல்களுக்குள் போகும். ஆனால் அந்த சுவிட்ச் குறிப்பிட்ட வகை செல்லில் மட்டும்தான் ஆன் ஆகும். அந்த செல் ஒளிரும், அல்லது அதை ஆய்வாளர்கள் இயக்கலாம், நிறுத்தலாம். கஹாலின் சாயம் இறந்த செல்லைக் காட்டியது. இது உயிருள்ள செல்லைத் தொடுகிறது.

2025 மே மாதம் இப்படி உருவான கருவிகளின் பெரிய தொகுப்பு வெளியானது. பல ஆய்வகங்கள் அரசு நிதியில் சேர்ந்து உருவாக்கியவை. யாரிடம் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. லாப நோக்கமில்லாத விநியோக மையங்கள் வழியாக மற்ற ஆய்வகங்கள் இவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

இதே மனப்பான்மைக்கு நம்ம ஊரிலும் ஒரு உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் சிசுக்களின் மூளையை 5,132 மெல்லிய துண்டுகளாகப் படம்பிடித்து, 2024 டிசம்பரில் உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. அறுத்து, சாயம் ஏற்றி, பார்த்து, பகிர்வது. கஹால் செய்த அதே வேலைதான்.

கருவி செய்வதற்குப் பணம் கேட்டால், அதனால் எந்த நோய் குணமாகும் என்று உடனே கேட்கிறோம். அதற்கு யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. 1885-ல் ஒரு மைக்ரோஸ்கோப்பை வாங்கிக் கொடுத்த ஸரகோசா நிர்வாகத்துக்கும், அதில் நியூரான் தெரியப்போகிறது என்று தெரியாது. காலராவுக்கு நன்றி சொல்லத்தான் கொடுத்தார்கள். மூளையைப் பற்றி நாம் இன்று தெரிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதி அந்த மேசையில் இருந்துதான் தொடங்கியது.